கப்பிக் கணக்கு

லீலா டீச்சர் கரும்பலகையில் முதலில் ஒரு நீளக் கோடு போட்டார். கோட்டுக்கு மேலே சாய்வாகச் சின்னச் சின்னக் கீறல்கள். அது கூரை. கூரையிலிருந்து ஒரு வட்டம் தொங்கியது. வட்டத்தின் மேல் ஏறி இருபுறமும் இறங்கியது ஒரு கயிறு. ஒரு நுனியில் பெரிய பெட்டி, மறு நுனியில் சின்னப் பெட்டி.

"புல்லி," என்றார்.

நானும் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். அந்தக் காலத்தில் கேரளத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் கல்லூரியில்தான். பிரீடிகிரி என்று பெயர். எல்லாம் ஆங்கிலம். பாதி வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் படத்தை மட்டும் வரைந்துகொண்டு, வீட்டில் போய் அகராதியைப் புரட்டுவது என் வழக்கம். இதையும் அப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

என்னைப் போலவே விழித்த இன்னும் சில முகங்களைப் பார்த்துவிட்டு டீச்சர் மலையாளத்துக்கு மாறினார். "நம்முடெ கப்பி தன்னே, குட்டிகளே. கிணற்றுக் கப்பி."

என் பேனா நின்றுவிட்டது.

பின் பெஞ்சில் யாரோ மெதுவாக, "லிஃப்ட் அண்ணாச்சி," என்றார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். டீச்சருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். மணி அடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்ற வாகை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட் அண்ணாச்சி என்பது என் அப்பா.

மேலே போன கதை

அப்பாவுக்கு வள்ளியூர்ப் பக்கம். கல்யாணமான கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்து கட்டட வேலையில் சேர்ந்தவர். கரமனை ஆற்றை ஒட்டி ஆறு வீடுகள் தோளோடு தோள் இடித்து நிற்கும் ஒரு வரிசையில் நடு வீடு எங்களுடையது. நான் ஒரே பிள்ளை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த எந்த ஆம்பளையும் இங்கே அண்ணாச்சிதான். காய்கறி விற்கிறவரும் அண்ணாச்சி, இஸ்திரி போடுகிறவரும் அண்ணாச்சி. பெயர் கேட்கிற சிரமம் யாருக்கும் கிடையாது. முத்தையா என்ற அப்பாவின் பெயரை ரேஷன் கார்டில்தான் பார்க்கலாம். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. முன்னால் 'லிஃப்ட்' வந்து ஒட்டிக்கொண்ட பிறகுதான் தெருவில் தலையைக் குனிந்து நடக்க ஆரம்பித்தார்.

நான் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்த கோடை அது. பட்டம் என்ற இடத்தில் ஒரு வீட்டு வேலை. தளம் வார்த்து நாளாகிவிட்டது. கான்கிரீட்டை அடியில் தாங்கிப் பிடித்திருந்த இரும்புத் தகடுகளை மேலே கழற்றி, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒரு கம்பத்தில் கப்பி. கயிற்றின் ஒரு நுனியில் தகட்டுக் கட்டு. மறு நுனியைக் கீழே நின்று பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அப்பாவின் வேலை.

அன்றைக்குக் காலையிலிருந்து ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தகட்டுக் கட்டை மேலிருந்து விளிம்புக்கு வெளியே தள்ளியதும் அப்பாவின் கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. தகடு இறங்க இறங்க அப்பா ஏறினார். தகடு தரையில் மோதிக் கட்டு தெறித்தது. மறுபுறம் கனம் இல்லாமல் போகவும் அப்பா மேலிருந்து விழுந்தார்.

வலது தோளும் மணிக்கட்டும் உடைந்தன. தோள் விழுந்ததில் உடைந்ததா, நடுவழியில் தகட்டில் இடித்ததில் உடைந்ததா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அப்பாவுக்குத் தெரியவில்லை. உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை.

பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததும் ஊர் சிரிக்க ஆரம்பித்தது. சிரிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு மனுஷன் கிணற்று வாளி மாதிரி மேலே போவதை நினைத்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "கயிறு விட்டிருந்தா தீர்ந்நில்லே அண்ணாச்சி? ஆரெங்கிலும் இங்ஙனே பிடிச்சோண்டு நிற்குமோ?" என்று கேட்டார். விட்டிருந்தால் முடிந்திருக்குமே, யாராவது இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பார்களா என்று. அப்பாவின் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதிக்கொண்டு போனார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

நானும் மனசுக்குள் அதையேதான் கேட்டேன். ஏன்ப்பா விடவில்லை? இவ்வளவு சின்னப் புத்திகூட இல்லையா?

குழாயடிப் பேச்சு

தகடு இறங்கிய இடத்தில் அன்றைக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தவள் பாக்கியம். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே வேலை குறைந்தபோது மலையிலிருந்து இறங்கி, கட்டட வேலைக்கு வந்தவர்களில் ஒருத்தி. முப்பது வயது இருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போயிருந்தான். அவளுடைய சல்லடை தகட்டுக்கு அடியில் அப்பளமாகிக் கிடந்ததாம். அவள்மேல் ஒரு கீறல் இல்லை.

அந்த ஒன்று போதுமானதாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டம்மா அம்மாவிடம் பக்குவமாக ஆரம்பித்தாள். "கயித்த விட்டா அவ மேல விழுந்துரும்லா. அதான் அண்ணாச்சி விடல. ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கமாம்லா?"

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டினாள், சட்டை மாட்டிவிட்டாள், சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். ஆனால் 'சாப்பிடுங்க', 'கையத் தூக்குங்க' தவிர ஒரு பேச்சு கிடையாது. பாக்கியமும் ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ ஒருநாளும் வந்து எட்டிப் பார்க்கவில்லை. வேலையை விட்டு விதுரா பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. அதுவும் அம்மாவுக்கு ஒரு சாட்சியாகத்தான் பட்டிருக்க வேண்டும். ஒரு குற்றமும் இல்லாதவள் எதற்கு ஒளிய வேண்டும்?

கை ஒருமாதிரி கூடிய பிறகு அப்பாவுக்கு ஒரு ஃபிளாட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அங்கேயும் ஒரு சங்கடம். வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. கார் வந்தால் இடது கையால்தான் சல்யூட் வைப்பார். மரியாதை தெரியாத ஆள் என்று ஒரு வீட்டுக்காரர் புகார் சொன்னார். அப்புறம் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அதே மனுஷர் காரை நிறுத்தி இறங்கி வந்து, அப்பாவின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாராம். அப்பா அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

சாய்ஸில் விட்டது

கல்லூரிக் கதைக்கு வருகிறேன். லீலா டீச்சர் படம் போட்ட நாளுக்குப் பிறகு கப்பிக் கணக்கு வரும்போதெல்லாம் நான் அதைச் சாய்ஸில் விட்டுவிடுவேன். மாடல் எக்ஸாமில் சாய்ஸ் தரவில்லை. பத்து மார்க் கேள்வியே அதுதான். வெறும் தாளை மடித்துக் கொடுத்தேன். இயற்பியலில் தோற்றேன். இறுதித் தேர்விலும் தோற்றால் அம்மா வேலை பார்க்கும் ஓட்டல் அடுக்களையில் ஓர் இடம் எனக்குக் காத்திருந்தது. அம்மாவே சொல்லிவிட்டாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பிந்து. பேயாட்டிலிருந்து வருபவள். வாய் ஓயாமல் பேசுவாள், கையில் எப்போதும் நெல்லிக்காய் வைத்திருப்பாள். அவளுக்கும் அந்த 'லிஃப்ட் அண்ணாச்சி' காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் மத்தியானம் என் நோட்டைப் பிடுங்கி வட்டத்தை வரைந்தாள்.

"எடீ சாந்தி, இதில் ஆள் இல்ல, அண்ணாச்சி இல்ல. ரெண்டு பெட்டி மாத்திரம். நீ பெட்டியப் பாரு," என்றாள், எனக்காகத் தமிழும் மலையாளமுமாக.

பெட்டியைப் பார்த்தேன். ஒரு பக்கம் ஐந்து கிலோ, மறு பக்கம் மூன்று. பெரியது இறங்கும், சின்னது ஏறும். இது தெரிந்ததுதான்.

"எத்ர வேகத்தில் இறங்கும்?"

"கல்லு விழுற மாதிரி."

"இல்ல. இதுதான் நீ விடுற தப்பு." நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "சின்னப் பெட்டி சும்மா இருக்குமா? அது பெரிய பெட்டியப் பிடிச்சு வலிக்கும். தோத்துப்போகும், பட்சே வலிக்கும். அதினால பெரிசு பதுக்கே, மெதுவா வரும்."

வலிக்கும் என்றால் மலையாளத்தில் இழுக்கும். எனக்குத் தமிழிலும் கேட்டது.

கனங்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒன்பது புள்ளி எட்டால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. ஐந்தும் மூன்றும் போட்டுப் பார்த்தேன். பெரிய பெட்டி, தானாக விழுவதில் கால்பங்கு வேகம்தான் கூட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியின் வேலை. அது மறுமுனையை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

 

அப்பாவிடம் கேட்டது

மறுநாள் ஃபிளாட் வாசலில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"யப்பா, அந்தத் தகடு ஒண்ணு எத்தன கிலோ இருக்கும்?"

ஸ்பூன் நின்றது. "எதுக்கு மக்கா?"

"படிக்கதுக்கு."

"பதினாறு இருக்கும்."

"எவ்வளவு ஒசரம்?"

"பதினாறு அடி."

"கட்டுல எத்தன தகடு?"

 கேட்டுக்கு வெளியே ஒரு ஆட்டோ வந்து திரும்பிப் போகும்வரை அப்பா ரோட்டையே பார்த்தார்.

"மூணுதான் கட்டணும்," என்றார். "காலையிலருந்து மூணு மூணாத்தான் எறக்குனோம். மூணுன்னா என் கனத்துக்குள்ள நிக்கும். சாயந்தரத்துக்குள்ள எல்லாம் எறங்கணும்னு சூப்பர்வைசர் விரட்டுனாரு. மேல நின்ன சசி அஞ்சு கட்டிட்டான். எனக்கு ஒரு வார்த்த சொல்லல."

"இத ஏம்ப்பா நீங்க அப்பவே சொல்லல?"

"சொன்னா அவன் வேல போவும். மூணு பிள்ளைங்க. விரட்டுனவருக்கு ஒண்ணும் ஆவாது." ஸ்பூனை மறுபடி எடுத்து, "நீயும் சொல்லாத," என்றார்.

இத்தனை வருஷம் சொல்லவில்லை. சசி இப்போது இல்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நெத்திலியும் ஒரு வினாடியும்

அப்பாவின் எடை ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. ஐம்பத்திரண்டு கிலோ. ஐந்து தகடு எண்பது கிலோ.

சனிக்கிழமை காலை. அம்மா விழிஞ்ஞத்து மீன்காரியிடம் வாங்கிய நெத்திலியை அடுக்களைத் தரையில் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரே சுவரில் சாய்ந்து கணக்குப் போட்டேன். கயிற்றை விட்டிருந்தால் தகடு தரைக்கு வர ஒரு வினாடி. பிடித்திருந்ததால் இரண்டு வினாடிக்குக் கொஞ்சம் மேலே. தப்பாக இருக்குமோ என்று மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் அதே விடை.

"யம்மா, அப்பா கயித்த விட்டிருந்தா தகடு ஒரே செகண்டுல கீழ வந்திருக்கும்."

அம்மா தலையைத் தூக்கவில்லை.

"விடாம புடிச்சதுனால ரெண்டு செகண்டுக்கு மேல ஆயிருக்கு. அப்பா ஒடம்பு கனம் அதப் புடிச்சி நிறுத்திப் பாத்திருக்கு. முடியல. ஆனா மெதுவாக்கியிருக்கு."

"ஒரு செகண்டு," என்றாள் அம்மா. "அதுல என்னட்டி ஆயிரப்போவுது?"

  அம்மா கையை முந்தானையில் துடைத்துவிட்டு, மணல் சலிக்கிறவள் மாதிரிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"நீ எண்ணு."

"ஒண்ணு," என்றேன். அம்மா அப்போதுதான் முழங்காலை நிமிர்த்தியிருந்தாள். பாதி உடம்பு இன்னும் கீழேதான்.

"ரெண்டு."

அம்மா வாசற்படியில் நின்றாள்.

 வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் முகம் தெரியவில்லை. அப்புறம் கேட்டாள், "கீழ அவ இல்லாம வேற ஆரு இருந்திருந்தாலும் கணக்கு இதேதானா?"

"இதேதாம்மா. கீழ நிக்கது ஆருன்னு கணக்குல கெடையாது."

அப்பா எதற்காகப் பிடித்தார் என்பதும் கணக்கில் கிடையாது. அது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியாமல் இருக்காது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து மிச்ச நெத்திலியையும் கிள்ளி முடித்தாள். கடைசியில், "விதுராவுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்றாள்.

மலையடிவாரத்தில்

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லாமல் இரண்டு பேரும் கிளம்பினோம். நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் மரங்களின் புளித்த வாடை பஸ்ஸுக்குள் வந்தது. விதுரா சந்தையில் இறங்கி, போனக்காட்டுச் சாலையில் நாலு பேரிடம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். பாக்கியம் அக்கா முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா தான் யாரென்று சொன்னதும் கையிலிருந்த விறகைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"சண்ட போட வரல," என்றாள் அம்மா. "ஒரு வார்த்த கேக்கணும். நீ ஏன் அவர வந்து பாக்கல?"

பாக்கியம் அக்கா அழுதுவிட்டாள். "ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேங்க்கா. ரெண்டு நாளு வந்தேன். வராந்தாவுல நின்ன நம்ம ஆளுங்களே என்னையக் காட்டிக் காட்டிப் பேசினாங்க. உள்ள நீங்க அவருக்குச் சோறு ஊட்டிட்டு இருந்தீங்க. நான் உள்ள வந்தா அந்தச் சோறும் எறங்காதுன்னு திரும்பிட்டேன்."

அம்மா அந்த விறகை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "அடுத்த ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா," என்றாள். "ஒளிஞ்சி வராண்டாம். குழாயடி வழியா வா."

சொன்னபடி வந்தாள். மலைத்தேன் ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருக்க, அம்மா தெருமுனை வரை போய் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்து வந்தாள்.

அப்பாவுக்கு அவளைப் பார்த்ததும் எழுந்திருப்பதா உட்கார்ந்திருப்பதா என்றே தெரியவில்லை. "நல்லாருக்கியா?" என்று மூன்று தடவை கேட்டார். அவள் அவருடைய வலது கையைப் பார்த்துவிட்டு, "என்னால ஆச்சேண்ணே," என்று கும்பிட்டாள்.

"ஒன்னால என்ன ஆச்சி?" அப்பா பதறிப்போனார். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளுக்கும் சேர்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "நான் ஒண்ணும் பெருசா நெனச்சிச் செய்யல பாக்கியம். கால் தரைய விட்டதும் பயந்துட்டேன். பயத்துல கை கயித்த விடல. அவ்வளவுதான். நீ அங்க இருந்தேன்னுகூட எனக்கு ஓர்ம இல்ல."

அப்பா பொய் சொல்கிறவர் இல்லை. அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தது வெறும் பயம்தானோ என்று எனக்குச் சுருக்கென்றது.

பாக்கியம் அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓர்ம இல்லாதவரு எதுக்கு என்னைய விலகச் சொல்லி 'மாறு, மாறு'ன்னு கத்துனீங்க?"

அப்பா திகைத்துப்போனார். "நான் கத்துனேனா?"

"மூணு தடவ. மொதத் தடவ எனக்கு வெளங்கல. யாரையோ சொல்றீங்கன்னு நெனச்சேன். ரெண்டாந்தடவதான் எந்திரிச்சேன். மூணாந்தடவ கத்தும்போது ஒங்க சத்தம் என் தலைக்கு மேலருந்து வந்துச்சுண்ணே."

 அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாதான் முதலில் எழுந்தாள். "சோறு ஆறுது," என்றாள். "எல்லாரும் உக்காருங்க."